ஹேசலின் பிரெஞ்சு

இமொஜென் ஆலைவீட்டை வாங்கிக் குடிவரும் வரைக்கும் பிரான்சின் மோந்த்ரிவாலில் எங்கள் எல்லாருக்கும் சேர்த்துப் பேச ஹேசல் ஒருத்திதான் இருந்தாள்.

நாங்கள் என்றால், இங்கிலாந்திலிருந்து வந்து இந்த ஊரிலும் சுற்றுவட்டப் பண்ணைகளிலும் தங்கிவிட்ட ஒரு டஜன் கிழடுகள். வீடு மலிவு, வெயில் அதிகம் என்று வந்தோம். ரொட்டி வாங்கவும் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவும் பிரெஞ்சு கற்றுக்கொண்டோம். பிறகு நெஞ்சை அடைக்கிறது, மூத்திரம் எரிகிறது என்றெல்லாம் சொல்லவேண்டிய வயது வந்தது. அதற்கு அந்தப் பிரெஞ்சு போதவில்லை. ஹேசலைக் கூப்பிட்டோம்.

ஹேசல் பிராட்வுட் இங்கிலாந்தின் டெர்பியில் கம்பளக் கடையில் வேலை பார்த்தவள். கணவன் கென்னோடு எங்களுக்கெல்லாம் முன்பே வந்துவிட்டாள். அவளுடைய பிரெஞ்சு, பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு அல்ல. சந்தையிலும், வேலித் தகராறிலும், குழாய் ரிப்பேர்காரனை விரட்டியும் சேர்த்தது. இலக்கணத்தை அவள் மதித்ததில்லை. ஆனால் எல்லாருக்கும் புரியும். ஊர் டாக்டர் லக்கோம்பின் அறையில் நோயாளிக்குப் பக்கத்தில் அவளுக்கென்றே ஒரு நாற்காலி உண்டு. அரசின் பச்சை மருத்துவ அட்டை வாங்கித் தருவாள், அரசு தராத மிச்சச் செலவுக்கு எந்தக் காப்பீடு நல்லது என்று சொல்வாள், லிமோஜ் நகர ஆஸ்பத்திரியில் எந்தக் கதவு வழியாகப் போகவேண்டும் என்று காட்டுவாள். எங்களில் யாருக்கு எந்த உறுப்பு சரியில்லை என்பது எங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். "என் ஆளுங்க" என்றுதான் எங்களைச் சொல்வாள். பதிலுக்கு நாங்கள் முட்டையும் மார்மலேடும் கொண்டுபோய்க் கொடுப்போம். அவளுக்கு அதெல்லாம் பெரிதில்லை. கூப்பிடவேண்டும், அவ்வளவுதான்.

நான் அவளுக்கு அடுத்த வீடு. கணவர் போனபின் தனியாக இருக்கிறேன். கென்னுக்குப் பார்வை மங்கி வண்டி ஓட்டுவதை விட்டபிறகு ஹேசலுக்கு வண்டியோட்டியும் நான்தான். அதனால் இந்தக் கதையில் பெரும்பகுதி என் காரில் நடந்தது.

இமொஜென் ஒரு வசந்தத்தில் வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், புருஷனைப் பிரிந்தவள். அம்மா பிரெஞ்சுக்காரி, அப்பா ஆங்கிலேயர், வேலை பார்த்தது பிரஸ்ஸெல்ஸில். நெட்டையாக, நரையை மறைக்காத தலைமுடியோடு, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டையில் இருப்பாள். முதலில் ஹேசல் அவளுக்கு ஒரு பை நிறைய உருளைக்கிழங்கும் அறிவுரையும் கொண்டுபோனாள். உருளைக்கிழங்கை வாங்கிக்கொண்டாள். அறிவுரை தேவைப்படவில்லை.

பிரச்சினை மருந்துக்கடையில் ஆரம்பித்தது. என் கண் சொட்டு மருந்துக்காக நானும் ஹேசலும் போயிருந்தோம். ஹேசல் கடைக்கார மதாம் பாஸேயிடம் வழக்கம்போல உரத்த குரலில், சீட்டைத் தட்டித் தட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற இமொஜென் மெதுவாக ஏதோ ஒன்று சொன்னாள். நாலு வார்த்தை இருக்கும். மதாம் பாஸே கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹேசல் மருந்தை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே வந்துவிட்டாள்.

"என்னப் பத்தித்தான் சொன்னா," என்றாள் காரில்.

"உனக்குப் புரியலையா?"

"அவ பேசற வேகம் அப்படி." கொஞ்ச தூரம் போனபின் மறுபடி: "இத்தன வருஷத்துல அந்தப் பொம்பள எனக்கு ஒரு தடவகூடப் பல்லக் காட்டினதில்ல, நோரா. பல்லு இருக்கறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

அன்றிலிருந்து ஆலைவீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் ஏதாவது சொல்வாள். "ஜன்னலுக்கு நீலம் அடிச்சிருக்கா பாரு. ஊருக்கே தெரியணும்ல." இமொஜென் ஒலிவ் மரம் வைத்தால், "இந்தக் குளிருக்கு ஒலிவாம்." அது பட்டுப்போனால் சந்தோஷப்படுவாள், பட்டுப்போகாவிட்டால் என்னோடு பேசமாட்டாள்.

இலையுதிர் காலத்தில் நெவிலின் விஷயம் வந்தது. நெவில் செங்கல் சூளையில் மேஸ்திரியாக இருந்தவர். பெண்டாட்டி இல்லை, கோழி வளர்க்கிறார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு வருஷமாக வறட்டு இருமல். ஒவ்வொரு முறையும் ஹேசல்தான் கூடப் போவாள். ஒருநாள் காலை நானும் அவளும் ரொட்டிக்கடை வாசலில் நிற்கும்போது இமொஜெனின் கார் டாக்டர் வீட்டுப் பக்கம் போயிற்று. முன் இருக்கையில் நெவில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. எங்களைப் பார்த்ததும் சன்னலை விட்டு மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஹேசல் கையிலிருந்த ரொட்டியை ஒடித்து ஒடித்துத் தின்றாள். வீடு வருவதற்குள் முழுசும் தீர்ந்துவிட்டது.

சாயங்காலம் நெவில் முட்டையோடு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"கார் பெருசு, ஹேசல். என் முட்டிக்கு வசதியா இருந்துச்சு," என்றார்.

"முட்டிக்கா போனே, இருமலுக்கா?"

"இருமலுக்குத்தான்." தொப்பியைக் கழற்றினார். "மாத்திரையாலதான் வருதாம். வேற மாத்திரை மாத்திட்டாரு."

"அத அவ கண்டுபிடிச்சாளாக்கும்."

"அவ ஒண்ணும் கண்டுபிடிக்கல. டாக்டர் கேட்டாரு, மாத்திரைக்கு முன்னாடி இருமல் இருந்துச்சான்னு. அவ என்கிட்ட திரும்பி அதையே கேட்டா. இல்லன்னேன்." முட்டைக் கூடையை மேசையில் வைத்தார். "ஒவ்வொரு தடவையும் இதத்தான் கேட்டதா டாக்டர் சொன்னாராம்."

 டாக்டர் கேட்டது உண்மைதான். ஒவ்வொரு முறையும் ஹேசலே பதில் சொல்லியிருக்கிறாள்: அவர் சூளையில் வேலை பார்த்தவர், எப்பவும் இருமுவார் என்று. நெவிலிடம் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் ஆளைப் பற்றித் தனக்குத் தெரியாதா?

நெவில் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளும் திட்டி, இரண்டு பேரும் சமாதானமாகியிருப்பார்கள். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன்பின் ஒவ்வொருவராக நழுவினார்கள். யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஹேசலின் தொலைபேசி அடிப்பது குறைந்தது. கென் சொல்வார், "இப்பல்லாம் வீடு அமைதியா இருக்கு, நல்லாருக்கு." அவள் அவரைப் பார்க்கும் பார்வையில் அவர் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

அடுத்த மார்ச்சில் அவள் செய்தது சரியில்லை. வருஷா வருஷம் ஊர் மன்றத்தில் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு கூட்டம் நடக்கும்: டாக்டரிடம் எப்படிப் பெயர் பதிவது, அவசரத்துக்கு எந்த எண், நர்ஸ் வீட்டுக்கே வர என்ன செய்யவேண்டும், இப்படி. பேசுவது எப்போதும் ஹேசல். அந்த வருஷம் மேயர் அலுவலகத்தில் பேசச் சொல்லி இமொஜெனைக் கேட்டுவிட்டார்கள். இமொஜென் ஒப்புக்கொண்டாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் ஹேசல் புதிதாக வந்தவர்களுக்கும் எங்கள் எல்லாருக்கும் போன் போட்டாள். "தேதி மாத்திட்டாங்க. அப்பறம் சொல்றாங்களாம்." நாங்கள் நம்பினோம், இம்மாதிரி விஷயம் எப்போதும் அவளிடமிருந்துதானே வரும்? மறுநாள் மன்றத்தில் நாற்காலி வரிசைக்கு முன்னால் இமொஜென் ஒரு எலுமிச்சை கேக்கோடு நின்றிருக்கிறாள். போனே எடுக்காத நெவில் மட்டும் போயிருக்கிறார். இருவரும் கொஞ்ச நேரம் கோழியைப் பற்றிப் பேசிவிட்டு விளக்கை அணைத்தார்களாம்.

விஷயம் வெளியே வந்தபோது ஹேசல் என்னிடம், "எனக்கு யாரோ அப்படிச் சொன்னாங்க," என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. இமொஜென் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தெருவில் பார்த்தால் எப்போதும்போல "குட் மார்னிங், ஹேசல்" என்றாள். ஹேசலுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "பாத்தியா? எவ்வளவு பெரிய மனசு பாரு அவளுக்கு. பெரிய மனசக் காட்டறதுக்குன்னே காலைல எந்திரிக்கறா."

ஜூனில் மார்பகப் பரிசோதனைக்கு அழைப்பு வந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் வயதுப் பெண்கள் எல்லாருக்கும் வருவது. எத்தனையோ பேரை ஹேசல் அதற்குக் கூட்டிப்போயிருக்கிறாள். இந்த முறை அவளுக்குப் படம் எடுத்தபின் மறுபடி ஒரு படம், பிறகு ஊசியால் கொஞ்சம் சதை எடுத்தார்கள். பிறகு லிமோஜில் அறுவை மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். நான்தான் வண்டி ஓட்டினேன். கென் பின்னால் உட்கார்ந்திருந்தார். உள்ளே யாரும் வரவேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

"எனக்கெதுக்கு ஆள்? நான்தானே ஊருக்கே ஆள்."

சீக்கிரமே வெளியே வந்துவிட்டாள். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. கையில் இரண்டு மூன்று தாள்கள்.

"என்ன சொன்னாரு?" என்றார் கென்.

"ஒண்ணுமில்ல. மறுபடி வரச் சொல்லியிருக்காரு."

"ஒண்ணுமில்லன்னா எதுக்கு வரச் சொல்றாரு?"

"வரச் சொன்னா வரணும், கென். இது பிரான்ஸ்."

வீடு வந்து கென் உள்ளே போனபின்னும் அவள் காரை விட்டு இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் புரியல, நோரா," என்றாள். "அவர் பேசறது காதுல விழுது. வார்த்தையெல்லாம் தெரிஞ்ச வார்த்தைதான். உங்களுக்கெல்லாம் எத்தன தடவ சொல்லியிருக்கேன் அதே வார்த்தைய. ஆனா தண்ணிக்குள்ள இருந்து கேக்கற மாதிரி இருக்கு. நான் தலைய ஆட்டினேன். புரிஞ்சுதான்னு கேட்டாரு. புரிஞ்சுதுன்னேன்."

"அந்தத் தாள்ல இருக்குமே."

"தாளும் அப்படித்தான் இருக்கு."

யாரைக் கூப்பிடலாம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரியும். நாலைந்து நாள் அவள் என்னைத் தவிர்த்தாள். கென்னிடம் எரிந்து விழுந்தாள், அலமாரியெல்லாம் காலிசெய்து கழுவினாள். பிறகு ஒரு மத்தியானம் என் கதவைத் தட்டி, "ஆலைவீட்டுக்கு விடறியா?" என்றாள். நடந்தே போகக்கூடிய தூரம்தான். தனியாகப் போகப் பயம்.

இமொஜென் தோட்டத்தில் தக்காளிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு எங்களை உட்காரச் சொன்னாள். ஹேசல் உட்காரவில்லை.

"மார்ச்ல கூட்டத்துக்குத் தேதி மாறிடுச்சுன்னு எல்லாருக்கும் சொன்னது நான்தான்," என்றாள்.

"தெரியும். ஒரு வாரம் அந்தக் கேக்கையே சாப்பிட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

"பொய் சொல்லியிருப்பேன்."

"அதான்," என்றாள் இமொஜென்.

ஹேசல் பையிலிருந்து தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். இமொஜென் படித்தாள். படிக்கும்போது அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஹேசல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் நாங்கள் ஹேசலின் முகத்தை இப்படித்தான் பார்த்தோம்.

"என்னிக்குப் போகணும்?" என்றாள் இமொஜென்.

மறுமுறை லிமோஜுக்குப் போனபோது கென்னை அவருடைய தங்கை போனில் பிடித்துவைத்திருந்தாள். அவரைக் கூட்டிப்போனால் மயக்கம் போடுவார் என்று ஹேசலே செய்த ஏற்பாடு அது. நாங்கள் மூன்று பெண்கள் போனோம். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததைத் திரும்பும் வழியில் ஹேசல் சொன்னாள், இமொஜென் பின் இருக்கையில் இருக்கும்போதே, அவள் அங்கே இல்லாத மாதிரி.

"முதல்ல இவளும் டாக்டரும் கை குலுக்கி ஏதோ பேசி சிரிச்சாங்க. நான் மேல்சட்ட இல்லாம உக்காந்திருக்கேன், நோரா. என் மார்பப் பத்திப் பேசற எடத்துல இவங்களுக்குச் சிரிப்பு. அந்த நிமிஷம் எனக்கு நோய் ஞாபகமே இல்ல. என்னத்துக்குச் சிரிச்சாங்கன்னுதான் தெரிஞ்சாகணும்."

"அவர் எங்க அம்மா ஊருக்குப் பக்கத்து ஊர். அங்க ஆத்துப் பாலம் மறுபடி உடைஞ்சுடுச்சாம்," என்றது பின் இருக்கை.

"பாலமாம்," என்றாள் ஹேசல் என்னிடம்.

பிறகு டாக்டர் பேசினார். அவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார், இமொஜென் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்வாள். இது புற்றுநோய். சின்னது. அதை மட்டும் எடுத்தால் போதும், முழு மார்பும் வேண்டாம். அக்குளில் ஒரு நிணநீர்க் கணுவை எடுத்துப் பார்ப்பார்கள். அதிலும் நோய் இருந்தால் ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றவேண்டி வரலாம். எப்படியும் பிறகு பல வாரம் கதிர்வீச்சு. கேட்க ஏதாவது இருக்கிறதா என்றார் டாக்டர். இமொஜென் அவளிடம் திரும்பி, "கேட்க ஏதாவது இருக்கா?" என்றுவிட்டுச் சும்மா இருந்தாள்.

"நான் செத்துடுவேனான்னு கேளுன்னேன். கேட்டா. கொஞ்சம்கூட மாத்தாம கேட்டா."

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"'எனக்கு அப்படித் தோணல. ஆனா வாக்குக் குடுக்க முடியாது.' அப்படின்னாரு. இவ ரெண்டையும் சொன்னா." ஹேசல் சன்னல் பக்கம் திரும்பினாள். "நானா இருந்தா முதல் வரியோட நிறுத்தியிருப்பேன்."

 சூரியகாந்தி வயல்கள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. போன வருஷம் என் கண் டாக்டரிடம் ஹேசல்தான் கூட வந்தாள். அவர் நீளமாகப் பேசினார். அவள் சுருக்கமாக, "கண்ணுல அழுத்தம், சொட்டு மருந்து விட்டா சரியாப் போயிடும்," என்றாள்.

"ஹேசல், என் கண்ணு டாக்டர் சொன்னதுல ரெண்டாவது வரி என்ன?"

அவள் சன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"மருந்து தவறாம விடறியா?"

"விடறேன்."

"அப்ப விடு."

நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். அவள்மேல் கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த வருஷம் முழுக்க நான் நன்றாகத் தூங்கினேன் என்பதும் உண்மைதான். அடுத்த முறை கண் டாக்டரிடம் இமொஜெனைக் கூட்டிப்போனேன். இரண்டாவது வரியைத் தெரிந்துகொண்டேன். இப்போது அவ்வளவாகத் தூங்குவதில்லை.

ஜூலையில் ஹேசலுக்கு அறுவை முடிந்தது. கணுவில் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்தபின் தினமும் காலையில் நர்ஸ் வந்து கட்டு மாற்றினாள். ஊர்ப் பெண்கள் மாறி மாறி சமைத்துக் கொண்டுவந்தார்கள். நெவிலும் முட்டையோடு வந்தார். அவர் முன்னால் ஹேசல் அழுதுவிட்டாள்.

"உன் இருமலப் பத்தி உன்கிட்டயே நான் கேட்டிருக்கணும், நெவில்."

"ரெண்டு வருஷம் இருமினேன். சாகல. விடு."

அடுத்த வாரமே அவர் மறுபடி இமொஜெனோடு டாக்டரிடம் போனார். அதைக் கேள்விப்பட்டதும் ஹேசல் தலையணையைத் தூக்கி எறிந்தாள். தையல் போட்ட பக்கத்துக் கையால். நர்ஸ் திட்டினாள். ஹேசல் பதிலுக்குத் திட்டினாள், அவளுடைய பழைய பிரெஞ்சில், எந்தத் தடுமாற்றமும் இல்லாமல். கென் தோட்டத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "திரும்பி வந்துடுச்சு," என்றார்.

கதிர்வீச்சுக்கு லிமோஜுக்குத் தினமும் டாக்சி வந்தது. சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு அந்தச் செலவை அரசே ஏற்றுக்கொள்ளும். அதே டாக்சியில் புதிதாகக் குடிவந்த ஒரு வெல்ஷ்காரரும் போவார், அவருக்குத் தொண்டையில் கட்டி. ஒரு நாள் அவரோடு டாக்டர் அறைக்குள் போனதாக ஹேசல் சொன்னாள். டாக்டர் அவரிடம் வலி எங்கே என்று கேட்டிருக்கிறார். ஹேசலுக்கு அது தெரியும், டாக்சியில் வரும்போதே அவர் விவரமாகச் சொல்லியிருந்தார்.

"நாக்கக் கடிச்சுக்கிட்டு அவர்கிட்ட திரும்பிக் கேட்டேன், நோரா. அந்த ஆளு பதில் சொல்றதுக்குள்ள எனக்கு உசிரு போயி வந்துது."

இமொஜெனும் அவளும் சிநேகிதிகளாகிவிட்டார்கள் என்று சொல்வது பொய். ஹேசல் அவளுக்கு ஒரு கேக் செய்து கொடுத்தாள், அது கடன் தீர்ப்பது மாதிரி இருந்தது. இமொஜெனின் ஒலிவ் மரம் அந்த வருஷம் காய்த்தது. ஹேசல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஜனவரியில் மேயர் புத்தாண்டு வாழ்த்து சொல்ல ஊரையே மன்றத்துக்குக் கூப்பிட்டார். மேடையில் அவருக்குப் பக்கத்தில் இமொஜென், வெள்ளைச் சட்டையில். மேயர் சாக்கடை வேலை பற்றியும் பள்ளிக்கூடக் கூரை பற்றியும் இழுத்து இழுத்துப் பேசினார். ஒவ்வொரு வரியையும் இமொஜென் நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல் கூடுதல் இல்லை, ஒரு சொல் குறைவில்லை.

நாங்கள் கடைசி வரிசையில் நின்றிருந்தோம். ஹேசலின் தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது. மருந்தால் கொட்டவில்லை, அவளாக வெட்டிக்கொண்டதுதான். "சாக்கடைக்குப் பணம் கிடைச்சுடுச்சுன்னு சொல்றான்," என்று என் காதில் குனிந்தாள். "கிடைக்கல. அவன் மச்சினனுக்குத்தான் கிடைச்சிருக்கு. முகத்தப் பாரு."

நெவில் இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தார். அவருக்குப் பின்னால் வெல்ஷ்காரரும் நகர்ந்தார். மேடையில் பள்ளிக்கூடக் கூரை பற்றி ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப என்ன சொல்றான்?" என்றார் நெவில்.

"இரு, சொல்றேன்," என்றாள் ஹேசல். ஆனால் அவள் கண் மேடையில்தான் இருந்தது. மேயர் குனிந்து இமொஜெனிடம் ஏதோ சொல்ல, இமொஜென் சிரித்தாள். "பாருங்க," என்றாள் ஹேசல் எங்களிடம், "அவன்கிட்டயும் பாலத்தப் பத்தித்தான் பேசறா போல."